ஊர்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் ஒரு கற்பிக்கும் மருத்துவமனை: டார்ட்மத் ஹெல்த் எப்படி இயங்குகிறது?

ஓர் உதாரணத்தில் இருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்றொரு மாநிலம். ஜனவரி மாதம், இரவு பதினொரு மணி. பால்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவருக்குத் திடீரென்று வலது கையைத் தூக்க முடியவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறுகிறது. மனைவி 911-ஐ அழைக்கிறார். ஆம்புலன்ஸில் வருபவர்களில் பகலில் வேறு வேலை பார்க்கும் உள்ளூர்த் தன்னார்வலர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் மொத்தமே 25 படுக்கைகள். இரவுப் பணியில் அவசரப் பிரிவு மருத்துவர் ஒருவர், சில நர்ஸுகள், சிடி ஸ்கேன் எடுப்பவர் ஒருவர். அவ்வளவுதான்.

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். சீக்கிரம் போடப் போட மூளை அதிகம் பிழைக்கும். ஆனால் யோசிக்காமல் போட்டுவிடவும் முடியாது. மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். போடலாமா கூடாதா என்று உறுதியாகச் சொல்ல ஒரு நரம்பியல் மருத்துவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. 25 படுக்கை மருத்துவமனைக்கு அப்படி ஒருவரை இரவும் பகலும் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது.

எனவே சக்கரம் வைத்த ஒரு திரையைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வருகிறார்கள். திரையில் வெகுதூரத்தில் இருக்கும் ஒரு நரம்பியல் மருத்துவர். கையைத் தூக்கச் சொல்கிறார், சிரிக்கச் சொல்கிறார், ஒரு படத்தைக் காட்டி அதில் என்ன தெரிகிறது என்று கேட்கிறார். ஸ்கேன் படம் அவருடைய கம்ப்யூட்டரிலும் வந்துவிடுகிறது. கசிவு இல்லை என்று பார்த்து, மனைவியிடம் "கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார்?" என்று கேட்டு நேரத்தைக் கணக்கிட்டு, "போடுங்கள்" என்கிறார். ஊசியை உள்ளூர் நர்ஸே போடுகிறார். பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகக் கட்டியை உருவி எடுக்கப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஹெலிகாப்டர் உண்டு. பனிப்புயலில் ஹெலிகாப்டர் பறக்காது என்பதால், ஐசியு வசதியோடு ஒரு வேனும் உண்டு. அடைப்பு சின்னது என்றால் அவர் உள்ளூரிலேயே இருந்துவிடலாம்.

ஒரு கிராமத்துப் பெரியவருக்கு இத்தனையும் ஒரே இரவில் கிடைக்கிறது என்றால், பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. லாப நோக்கமற்ற கல்வி மருத்துவமனை வலையமைப்பு என்று அதைச் சொல்வார்கள். பெயரைக் கேட்டால் கனமாகத்தான் இருக்கிறது. ஒரு நிஜ அமைப்பை வைத்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும். நான் எடுத்துக்கொள்வது டார்ட்மத் ஹெல்த்.

எங்கே இருக்கிறது?

நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்ற இரண்டு சின்ன மாநிலங்களுக்கு நடுவே கனெக்டிகட் ஆறு ஓடுகிறது. ஆற்றின் கிழக்கே, நியூ ஹாம்ப்ஷயர் பக்கம், லெபனான் என்ற ஊர். மேற்காசிய நாட்டின் பெயர்தான். மக்கள்தொகை சுமார் 14,000. பாஸ்டன் நகரம் இங்கிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இந்தச் சின்ன ஊரில்தான் டார்ட்மத் ஹிட்ச்காக் மெடிக்கல் சென்டர் என்ற தலைமை மருத்துவமனை நிற்கிறது. பெரியவர்களுக்கான, மிக உயர்ந்த தரமான 'லெவல் 1' விபத்து சிகிச்சை மையம் நியூ ஹாம்ப்ஷயரிலேயே இது ஒன்றுதான். குழந்தைகள் மருத்துவமனை, புற்றுநோய் மையம் எல்லாம் அங்கேயே. அமெரிக்காவிலேயே மிகவும் கிராமப்புறமான கல்வி மருத்துவ அமைப்பு என்று இது தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

இரண்டு மாநிலங்களிலும் சேர்த்து சுமார் 20 லட்சம் பேர். மலையும் காடும் அதிகம், ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. குளிர்காலத்தில் பனி. மார்ச், ஏப்ரலில் பனி உருகி மண் சாலைகள் எல்லாம் சேறாகிவிடும். வண்டி சேற்றில் புதைந்து நின்றுவிடும் நாட்கள் உண்டு. அமெரிக்காவில் வயதானவர்கள் விகிதம் கூடிய மாநிலங்களில் இவை இரண்டும் முன்வரிசையில் வருகின்றன. நோய் அதிகம், தூரம் அதிகம், மருத்துவர் குறைவு. டார்ட்மத் ஹெல்த் செய்வதையெல்லாம் இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்படி வந்தது?

இது ஒரே நாளில் யாரோ திட்டம் போட்டுக் கட்டியது இல்லை. 1797-ல் நேதன் ஸ்மித் என்ற மருத்துவர், டார்ட்மத் கல்லூரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். நாட்டின் நான்காவது மருத்துவப் பள்ளி அது. ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லாப் பாடத்தையும் அவர் ஒருவரே நடத்தினார். பள்ளி வந்து கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 1893-ல்தான் பக்கத்தில் ஒரு நல்ல மருத்துவமனை வந்தது. நியூயார்க்கில் ஹோட்டல் நடத்திப் பணம் சேர்த்த ஹைரம் ஹிட்ச்காக், இறந்துபோன மனைவி மேரியின் நினைவாக அதைக் கட்டினார். 1927-ல் அங்கே இருந்த சில மருத்துவர்கள், ஆளுக்கொரு கிளினிக் வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, ஒன்றாகச் சேர்ந்து ஹிட்ச்காக் கிளினிக் என்று ஆரம்பித்தார்கள். பள்ளி, மருத்துவமனை, கிளினிக் என்று மூன்றும் ஹானோவர் என்ற ஊரில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. இடம் போதாமல் மருத்துவமனையும் கிளினிக்கும் 1991-ல் பக்கத்து ஊரான லெபனானில் புதுக் கட்டடத்துக்கு மாறின. டார்ட்மத் ஹெல்த் என்ற இன்றைய பெயர் 2022-ல் வந்தது.

இந்த மருத்துவப் பள்ளியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னது 1895 டிசம்பர் கடைசியில். 1896 பிப்ரவரி 3-ம் தேதியே, டார்ட்மத்தில் ஒரு பள்ளிச் சிறுவனின் உடைந்த மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். நோயாளி ஒருவருக்காக அமெரிக்காவில் எடுத்த முதல் எக்ஸ்ரே படங்களில் அது ஒன்று. ஒதுக்குப்புறமான ஊரில் கல்லூரி ஒன்று இருப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

சின்ன மருத்துவமனைகள்

லெபனான் தலைமை மருத்துவமனை என்றால், சுற்றிலும் உறுப்பு மருத்துவமனைகள் இருக்கின்றன. கீன் ஊரில் செஷயர் மெடிக்கல் சென்டர், நியூ லண்டன் ஊரில் ஒன்று, கிளேர்மான்ட்டில் வேலி ரீஜனல், லெபனானிலேயே ஆலிஸ் பெக் டே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெர்மான்ட்டில் வின்ட்சர் ஊரின் மவுண்ட் அஸ்கட்னி, தென்மேற்கு மூலையில் பென்னிங்டன் மருத்துவமனை. இவை போக, வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸுகளின் அமைப்பு ஒன்றும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தனித்தனியாக, அந்தந்த ஊர்க்காரர்களின் நன்கொடையில் வளர்ந்தவை.

இவற்றில் பல, 25 படுக்கைக்கு மேல் போகக்கூடாத ஒரு வகையைச் சேர்ந்தவை. ஏன் சரியாக 25? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிகேர். 1983 முதல் அது மருத்துவமனைகளுக்கு நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே குறித்த தொகையைக் கொடுக்க ஆரம்பித்தது. நிமோனியாவோடு வந்தவர் மூன்று நாளில் வீடு திரும்பினாலும் சரி, பத்து நாள் படுத்திருந்தாலும் சரி, பொதுவாக அதே தொகைதான். ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனையில் ஒருவரிடம் விட்டதை இன்னொருவரிடம் பிடித்துவிடலாம். மாதத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய நிமோனியா நோயாளிகளே வரும் இடத்தில் இரண்டு பேருக்குச் சிக்கலானால் அந்த வருடக் கணக்கே கவிழ்ந்துவிடும். அதோடு, யாரும் வராத இரவிலும் அவசரப் பிரிவுக்கு விளக்கும் வேண்டும், ஆளும் வேண்டும். நாடு முழுக்க கிராமத்து மருத்துவமனைகள் வரிசையாக மூடின.

1997-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு வழி செய்தது. பிறகு திருத்தங்களும் வந்தன. அதன் இன்றைய வடிவம் இது. 25 படுக்கைக்குள் நிற்கும், 24 மணி நேர அவசரப் பிரிவு வைத்திருக்கும், நோயாளிகளைச் சராசரியாக 96 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாத, பொதுவாக அடுத்த மருத்துவமனையில் இருந்து 35 மைல் தள்ளி இருக்கும் மருத்துவமனைகளுக்கு ஒரு தனி அந்தஸ்து. மலைப்பகுதியானால் 15 மைல் போதும். இவற்றுக்கு மெடிகேர், நோய்க்கு இவ்வளவு என்று பார்க்காமல், ஆன நியாயமான செலவில் 101 சதவீதம் கொடுக்கும். 2013-ல் இருந்து பட்ஜெட் வெட்டால் கைக்கு வருவது ஏறக்குறைய 99 சதவீதம்தான். லாபம் என்று சொல்ல முடியாது. கதவு மூடாமல் இருக்க உதவும்.

இனி, இந்தச் சின்ன மருத்துவமனை ஒரு பெரிய அமைப்பில் சேர்ந்தால் என்ன மாறும்? வாங்கும் மருந்தும் கருவியும் மொத்த விலையில் வரும். நோயாளியின் பதிவுகளை ஒரே கம்ப்யூட்டர் அமைப்பில் இரண்டு பக்கமும் பார்க்கலாம். வாரத்தில் சில நாள் லெபனானில் இருந்து இதய மருத்துவரோ தோல் மருத்துவரோ காரில் வந்து அங்கேயே ஓபி பார்க்கலாம். அறுவை முடிந்த நோயாளி, ஆபத்து நீங்கியதும் லெபனானில் ஒரு படுக்கையை அடைத்துக்கொண்டிருக்காமல், தன் ஊர்ப் பக்கத்து மருத்துவமனையில் நடைப்பயிற்சிக்குப் போகலாம். மவுண்ட் அஸ்கட்னி இதற்கென்றே நல்ல பெயர் பெற்ற இடம். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், வாரக்கணக்கில் தினமும் போய்வர வேண்டும். வெர்மான்ட்டின் வடகிழக்கில் இருக்கும் ஒருவர் அதற்காக ஒவ்வொரு நாளும் லெபனானுக்கு ஓட்டிக்கொண்டு வருவது நடக்கிற காரியமில்லை. அதனால் அந்தப் பகுதியின் செயின்ட் ஜான்ஸ்பரி ஊரிலேயே ஒரு கதிர்வீச்சு மையம் வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட அமைப்பை நான் அளக்கும் அளவுகோல் இதுதான்: லெபனானுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வர வேண்டிய அவசியமே இல்லாமல் எத்தனை பேருக்கு வைத்தியம் முடிந்தது என்பது. தலைமை மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில் கூட்டம் அலைமோதினால் அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. அங்கே காத்திருக்கும் பலர் அதிகாலையில் எழுந்து, மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ ஒரு நாள் வேலைக்கு லீவு போடச் சொல்லிக் காரை எடுக்க வைத்து வந்தவர்கள். குழந்தைக்கு வாரக்கணக்கில் சிகிச்சை என்றால் பெற்றோர் எங்கே தங்குவது? அதற்காக 1986-ல் டேவிட்ஸ் ஹவுஸ் என்ற வீட்டை ஒரு குடும்பம் தன் மகனின் நினைவாக ஆரம்பித்தது. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பணம் இல்லாவிட்டாலும் தங்கலாம்.

'கல்வி' எதற்கு?

மருத்துவப் பட்டம் வாங்கியவுடன் அமெரிக்காவில் தனியாக வைத்தியம் பார்த்துவிட முடியாது. மூன்று முதல் ஏழு வருடம் வரை ஒரு துறையில் ரெசிடென்ட் என்ற பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். கல்வி மருத்துவமனை என்பது இவர்களைப் பயிற்றுவிக்கும் இடம். இவர்களின் சம்பளத்திலும் பயிற்சிச் செலவிலும் கணிசமான பகுதியை மெடிகேரே கொடுக்கிறது. ஆனால் எத்தனை பேருக்குக் கொடுக்கும் என்பதற்கு அதே 1997 சட்டம் ஓர் உச்சவரம்பும் போட்டது. சின்ன மருத்துவமனைகளைக் காப்பாற்றிய கையே மருத்துவர்களின் எண்ணிக்கையையும் கட்டிப் போட்டது வருத்தமான விஷயம்.

கிராமத்துக்கு இதனால் என்ன லாபம்? பயிற்சி முடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே தொழிலைத் தொடர்கிறார்கள் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் கணக்குக் காட்டுகிறது. இருபத்தெட்டு வயதில் வந்த ஒருவர் அங்கே கல்யாணம் முடித்து, வீடு வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் அப்புறம் பெட்டி கட்டுவது கடினம். நகரத்தில் இருந்து மருத்துவரைச் சம்பளம் காட்டி இழுப்பதைவிட, உள்ளூரிலேயே ஒருவரை உருவாக்குவதுதான் நிலைக்கும்.

கல்வி என்றால் ஆராய்ச்சியும்தான். இந்தப் பகுதி உலகுக்குக் கொடுத்த மிகப் பெரிய ஆராய்ச்சி எந்த மருந்தும் இல்லை. ஜான் வென்பர்க் என்ற மருத்துவர் வெர்மான்ட்டின் மருத்துவமனைப் பதிவுகளை ஊர் ஊராகப் பிரித்து எண்ணிப் பார்த்தார். ஸ்டோ என்ற ஊரில் பதினைந்து வயதுக்குள் பத்தில் ஏழு பிள்ளைகளுக்கு டான்சில் எடுத்திருந்தார்கள். பக்கத்து ஊரான வாட்டர்பரியில் பத்தில் இரண்டு பேருக்குத்தான். தண்ணீரும் காற்றும் ஒன்று, பிள்ளைகளும் ஒரே மாதிரி. வேறாக இருந்தது மருத்துவர்களின் பழக்கம். 1973-ல் இதை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். பல மருத்துவர்களுக்கு அது கசந்தது. பின்னர் அவர் டார்ட்மத்தில் சேர்ந்து, 1996-ல் அமெரிக்கா முழுவதற்கும் இதே போன்ற கணக்கை வரைபடமாக 'டார்ட்மத் அட்லஸ்' என்று வெளியிட்டார். அறுவை அதிகம் நடக்கும் ஊரில் மக்கள் அதிக ஆரோக்கியமாக இருப்பார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை.

அதில் இருந்து ஒரு நடைமுறையும் பிறந்தது. முழங்கால் மாற்று அறுவை, புராஸ்டேட் சிகிச்சை மாதிரி இரண்டு மூன்று வழிகள் இருக்கும் இடங்களில், ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று நோயாளிக்கு விளக்கி, அவரையும் முடிவில் சேர்த்துக்கொள்வது. இதற்கென்று தனி மையம் ஒன்றை 1999-ல் டார்ட்மத் ஹிட்ச்காக் ஆரம்பித்தது. அமெரிக்காவில் இப்படி முதன்முதலில் வந்தது அதுதான்.

'லாப நோக்கமற்ற' என்றால் இலவசமா?

இல்லை. பில் வரும், சில நேரம் பெரிய பில்லாகவே வரும். சட்டப்படி இதன் பொருள் ஒன்றுதான்: மருத்துவமனைக்குப் பங்குதாரர்கள் என்று யாரும் கிடையாது, மிஞ்சும் பணத்தை யாரும் பங்கு போட்டு எடுத்துக்கொள்ள முடியாது, அது மருத்துவமனைக்குள்ளேயே செலவாக வேண்டும். பதிலுக்கு அரசு வரி விலக்கு கொடுக்கிறது. 2010-ல் வந்த சட்டத்தின்படி, மூன்று வருடத்துக்கு ஒரு முறை சுற்றுவட்டார மக்களுக்கு என்ன தேவை என்று ஆய்வு செய்து வெளியிட வேண்டும். ஏழைகளுக்குக் கட்டணத்தைக் குறைப்பது, தள்ளுபடி செய்வது பற்றிய விதிகளை எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். பில்லைப் பார்த்துத் திகைத்துப்போய்க் கடன் வாங்கும் பலருக்கு இப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதே தெரியாது. முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். வருடாவருடம் இவர்கள் வரித்துறைக்குக் கொடுக்கும் 990 என்ற படிவத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தலைவருக்கு எவ்வளவு சம்பளம் என்பதுகூட அதில் இருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கிராமப்புற அமைப்பின் நெருக்கடி. தனியார் இன்சூரன்ஸ் கொடுக்கும் தொகை அதிகம், மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் கொடுப்பது குறைவு. வயதானவர்கள் மிகுந்த ஊர்களில் குறைவாகக் கொடுக்கும் கணக்கில் வருபவர்களே அதிகம். அதனால் சில சேவைகள் ஆட்டம் காணும். முதலில் அடிபடுவது பிரசவ வார்டு. மாதத்துக்குச் சில பிரசவங்களே நடந்தாலும் நர்ஸும், மகப்பேறு மருத்துவரும், மயக்க மருத்துவரும் இரவு பகல் தயாராக இருக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் 2000-க்குப் பிறகு பல சின்ன மருத்துவமனைகள் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டன. ஆலிஸ் பெக் டே 2018-ல் நிறுத்தியது. அதற்குப் பக்கத்திலேயே தலைமை மருத்துவமனை இருப்பதால் அந்த ஊர்க்காரர்களுக்குத் தூரம் பெரிதாகக் கூடவில்லை. கிளேர்மான்ட்டிலும் பிரசவ வார்டு இல்லை. அங்கே இருந்து லெபனான் சுமார் 40 கிலோமீட்டர். பனிக்கால இரவில் வலி எடுத்த பெண்ணுக்கு அது மிக நீளமான சாலை. அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் இதற்கு இன்னும் நல்ல பதில் கிடைக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

பெரிதாவதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு பகுதியில் இருக்கும் மருத்துவமனைகள் எல்லாம் ஒரே கையில் வந்தால், இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் அந்தக் கை கேட்டதுதான் விலை. லாப நோக்கம் இல்லாத கையானாலும் இது நடக்கும். 2019-ல் டார்ட்மத், நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரில் இருக்கும் கத்தோலிக் மெடிக்கல் சென்டரை நடத்தும் கிரானைட்ஒன் அமைப்போடு இணையத் திட்டம் அறிவித்தது. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் போட்டி குறைந்து விலை ஏறும் என்று எதிர்த்ததால் 2022 மே மாதத்தில் கைவிட்டார்கள். நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தனியாக நின்ற கத்தோலிக் மெடிக்கல் சென்டர் நஷ்டத்தில் தள்ளாடியது. 2025-ல் அதை வாங்கியது எச்சிஏ, நாட்டின் மிகப் பெரிய லாப நோக்கு மருத்துவமனை நிறுவனம். இந்த முறை அட்டர்னி ஜெனரல் நிபந்தனைகள் விதித்து ஒப்புதல் கொடுத்தார்.